வேலிக்குள் எவ்வளவு விடுதலை?

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். உரையாற்றியவர்: இயந்திரப் பொறியியல் பிரிவு, 2009ஆம் ஆண்டு மாணவர்)



இந்த மேடையில் எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாம் பெரிய பெரிய பொறுப்பில் இருப்பவர்கள். என்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று செயலாளரிடம் கேட்டேன். "நீதாம்ப்பா நம்ம பேட்ச்ல வேலையை விட்டுட்டு மாடு மேய்க்கப் போனவன். அதைப் பத்திப் பேசு" என்றார். சரி, பேசுகிறேன். ஆனால் ஒரு திருத்தம். மாடு மேய்ப்பது நான் இல்லை, என் அம்மா. நான் சாணி அள்ளுகிறவன்.

வெப்ப இயக்கவியல் பாடத்தில் எனக்கு அரியர் விழுந்தது இங்கே பலருக்குத் தெரியும். அந்தப் பாடத்தில் என் மண்டையில் ஏறிய ஒரே விஷயம், எந்தக் கணக்கைத் தொடங்கினாலும் முதலில் ஓர் எல்லைக்கோடு போடு, அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே வருவது என்ன, வெளியே போவது என்ன என்று எழுது என்பதுதான். இன்றைக்கு நான் சொல்லப்போவதெல்லாம் அந்த ஒரு பாடம்தான். என்னுடைய எல்லைக்கோடு, கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் நாலு ஏக்கரைச் சுற்றியிருக்கும் கிளுவை வேலி.

2017இல் அப்பா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் எட்டு வருஷம் வேலை பார்த்திருந்தேன். நல்ல சம்பளம்தான். ஆனால் இரவு ஷிப்ட், ஞாயிற்றுக்கிழமை போன், லீவு கேட்டால் ஒரு முறைப்பு. "போதும், இனி எனக்கு நானே முதலாளி. விடுதலை!" என்று எழுதிக் கொடுத்துவிட்டு மனைவி, குழந்தையோடு ஊருக்கு வந்து சேர்ந்தேன். விடுதலை என்ற சொல்லை அப்போது நான் மிகவும் சுலபமாகப் பயன்படுத்தினேன்.

வந்த முதல் வருஷம் ஒரு நோட்டுப் போட்டு, வேலியைத் தாண்டி உள்ளே வந்ததையெல்லாம் எழுதினேன். யூரியா, டிஏபி, பூச்சிமருந்து, டீசல், மாட்டுத் தீவனம் வந்தது. அதுகூடப் பரவாயில்லை. அரிசி, எண்ணெய், பருப்பு, கத்தரிக்காய் வரை கடையிலிருந்து வந்தது! நாங்கள் விவசாயக் குடும்பம். ஆனால் இரண்டு ஏக்கரில் தென்னை, மீதியில் கொஞ்சம் பூ, கொஞ்சம் சும்மா கிடந்தது. தேங்காயை வியாபாரியிடம் கொடுக்கிறோம். விலை அவர் சொல்வதுதான். அந்தக் காசில் கடையில் அரிசி வாங்குகிறோம். அங்கேயும் விலை அவர்கள் சொல்வதுதான். விற்கும்போதும் ஒருவர் விலை சொல்கிறார், வாங்கும்போதும் ஒருவர் விலை சொல்கிறார், நடுவில் நான் முதலாளி! இதற்கு என் பழைய மேனேஜரே தேவலை என்று தோன்றியது.

அடுத்த வருஷம் கஜா வந்தது. 2018 நவம்பர் 16, விடியற்காலை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய புயல், எங்கள் பக்கம் வந்து சேரும்போது வீட்டு ஓடுகள் சீட்டுக்கட்டு மாதிரி பறந்தன. ஏக்கருக்கு எழுபது கணக்கில் நூற்று நாற்பது தென்னை. விடிந்து பார்த்தால் நின்றது பதினேழு. தாத்தா காலத்துப் பலா இரண்டும் வேரோடு சாய்ந்து கிடந்தன. அப்பா திண்ணையில் கம்பை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழவில்லை. "நீ பொறந்த வருசம் வச்ச மரம்டா" என்றார், அவ்வளவுதான். நெட்டைத் தென்னை இன்றைக்கு வைத்தால் காய்க்க ஆறேழு வருஷம். எழுபது வயதுக்காரரிடம் போய் "மறுபடி வைக்கலாம்ப்பா" என்று எப்படிச் சொல்வது?

எனக்குப் பாடம் சொன்னது விழுந்த மரங்களை விட, அதற்கப்புறம் வந்த நாட்கள்தான். மின்கம்பங்கள் எல்லாம் சாய்ந்துவிட்டன. எங்கள் போர்வெல் எழுநூறு அடி. கரண்ட் இல்லையென்றால் எழுநூறு அடிக்குக் கீழே கடலே இருந்தாலும் ஒரு சொம்புத் தண்ணீர் மேலே வராது. மூன்று வாரம் ஜெனரேட்டர்க்காரருக்காகக் காத்துக் கிடந்தோம். தாத்தா கயிறு போட்டு இறைத்த கிணறு வீட்டுக்குப் பின்னால்தான் இருந்தது. போர் போட்ட பிறகு குப்பை கொட்டி நாங்களே அதைத் தூர்த்துவிட்டோம். இலவச மின்சாரம் என்று பேசுகிறோமே, நான் அதை நம்பி என்னென்ன இழந்திருக்கிறேன் என்று அந்த மூன்று வாரத்தில்தான் தெரிந்தது.

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் உருப்படியான சொத்து ஒன்று இருந்தது. அம்மா அடுப்படிப் பரணில் சுரைக்குடுக்கைகளில் சாம்பல் கலந்து விதை வைத்திருந்தார். அவரை, புடலை, வெண்டை, தண்டுக்கீரை எல்லாம் இருந்தது. மரம் விழுந்து வெயில் இறங்கிய இடத்தில் அம்மா கீரையைத் தூவினார். மூன்று வாரத்தில் பறித்தோம். சுற்றுவட்டாரத்தில் எட்டு வீட்டுக்கு அந்தக் குடுக்கையிலிருந்து விதை போனது. நமக்கு நாடாளுமன்றம் 2001இல் ஒரு சட்டம் தந்திருக்கிறது. பயிர் இரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம். விளைந்ததிலிருந்து விதை எடுத்து வைக்கவும், மறுபடி விதைக்கவும், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவும், விற்கவும் விவசாயிக்கு உரிமை உண்டு, பாதுகாக்கப்பட்ட இரகத்தின் விதையைப் பிராண்டு பெயர் போட்டு விற்கக் கூடாது, அவ்வளவுதான் என்கிறது அதன் 39ஆம் பிரிவு. அம்மாவுக்கு அந்தச் சட்டம் தெரியாது. ஆனால் குடுக்கையில் விதை இல்லாத வீட்டுக்கு அந்த உரிமை காகிதத்தில்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு நோட்டைத் திருப்பிப் போட்டுக் கணக்கைத் தொடங்கினோம். முதலில் வீடு, பிறகுதான் சந்தை. ஐந்து பேருக்கு மாதம் நாற்பது கிலோ அரிசி என்றால் வருஷத்துக்கு நானூற்றெண்பது. அதற்குச் சுமார் பன்னிரண்டு, பதின்மூன்று மூட்டை நெல் வேண்டும். ஒரு ஏக்கரில் பூங்கார் போட்டோம், போதும். எண்ணெய்க்கு மூன்று மூட்டைக் கடலை, கால் ஏக்கர். செக்கில் கொடுத்தால் எண்ணெய் நமக்கு, பிண்ணாக்கு மாட்டுக்கு. பத்து கிலோ சாணம், பத்து லிட்டர் கோமியம், இரண்டு கிலோ வெல்லம், இரண்டு கிலோ பயறு மாவு, இருநூறு லிட்டர் தண்ணீர் சேர்த்தால் ஓர் ஏக்கருக்கு ஜீவாமிர்தம். யூரியா மூட்டை ஒரே வருஷத்தில் நிற்கவில்லை. மூன்று வருஷம் ஆனது. முதல் வருஷம் மகசூல் பாதியாகக் குறைந்தது. இதை மேடையில் பலர் சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன்.

தண்ணீருக்கும் ஒரு கணக்கு. ஓர் ஏக்கரில் ஓர் அங்குல மழை என்றால் ஒரு லட்சம் லிட்டர். இதைக் காலேஜில் யாராவது கேட்டிருந்தால் உடனே போட்டிருப்பேன். சொந்த நிலத்தில் போட்டுப் பார்க்க முப்பது வயது ஆனது. அறுபதுக்கு அறுபது அடி, ஆறடி ஆழத்தில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டினோம். கரைச் சரிவு போக ஐந்து லட்சம் லிட்டர் பிடிக்கும். செம்மண், நிற்காது, இறங்கிவிடும். இறங்கட்டும் என்றுதான் வெட்டினோம். தாத்தா கிணற்றைத் தூர் வாரினோம். இரண்டாவது மழைக்குக் கிணற்றில் தண்ணீர் தெரிந்தது. அன்றைக்கு அப்பா கம்பில்லாமல் பத்தடி நடந்துபோய் எட்டிப் பார்த்தார்.

இதோடு முடித்தால் நீங்கள் கைதட்டுவீர்கள். ஆனால் இன்னும் இரண்டு பேர் சொன்னதைச் சொல்லாமல் இறங்கினால் நான் பொய் சொன்னவன் ஆவேன்.

ஒருவர் என் மனைவி. கணிதம் படித்து, சென்னையில் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். நாலு மாடு வாங்கிய வருஷம், ஒரு நாள் பால் கறந்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "உங்களுக்கு விடுதலை கெடச்சிருச்சுங்க. எனக்கு நாலரை மணிக்கு அலாரம்தான் கெடச்சிருக்கு. யாரைக் கேட்டு முடிவு பண்ணினீங்க?" என்று கேட்டார். பதில் இல்லை. நான் யாரையும் கேட்கவில்லை என்பதுதான் உண்மை. மூன்று மாட்டை விற்றோம். அவர் மறுபடி பள்ளிக்கூடத்துக்குப் போகிறார். குழந்தையின் படிப்புச் செலவு அவர் சம்பளத்தில்தான் நடக்கிறது. நோட்டுக்கணக்கும் இப்போது அவர் கையில். என் எழுத்தை விட அவர் எழுத்து திருத்தமாக இருக்கிறது.

இன்னொருவன் என் விடுதி அறை நண்பன். இந்த அரங்கில்தான் இருக்கிறான், பெயர் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டான். ஊருக்கு வந்தவன் வரப்பில் நின்று சொன்னான்: "மாப்ள, எங்க தாத்தா தஞ்சாவூர்ப் பக்கம் பண்ணையாள். உனக்கு நெலத்துக்குத் திரும்புறது விடுதலை. எங்க வீட்டுக்கு நெலத்தை விட்டு வெளிய வந்ததுதான் விடுதலை. மண்ணைப் பத்திப் பேசும்போது அதையும் சேத்துப் பேசு." 1952இல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த வரலாற்றை அன்றிரவுதான் நான் தேடிப் படித்தேன். அதன் பிறகு "எல்லோரும் கிராமத்துக்கு வாருங்கள்" என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. எங்கள் வயலில் களையெடுக்க வரும் அக்காமார் கூலியைக் கேட்கும்போது பேரம் பேசுவதையும் விட்டுவிட்டேன்.

தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்காயர் படிப்பு முடித்து, அமெரிக்காவிலும் படித்துவிட்டு வந்து கிராமத் தொழில்களுக்கு வாழ்வைக் கொடுத்த ஜே.சி. குமரப்பாவைத் தம்பிகள் படிக்க வேண்டும். கடைசிக் காலத்தில் தே.கல்லுப்பட்டியில் வாழ்ந்து 1960இல் மறைந்தார். கணக்குப் போடத் தெரிந்தவர் கிராமத்துக்குப் போனால் என்ன கேள்வி கேட்பார் என்பதற்கு அவர் உதாரணம்.

என் கேள்விக்கு நான் கண்ட விடை சிறியது. வேலிக்குள் முழு விடுதலை கிடையாது. உப்பு, தீப்பெட்டி, மருந்து, இரும்பு எல்லாம் வெளியிலிருந்துதான் வரும். புயலுக்குப் பிறகு பேராவூரணிப் பக்கத்து இளைஞர்கள் கூடி ஏரி தூர் வாரியதைப் பார்த்துத்தான் எங்களுக்கே குளத்தில் இறங்கும் தைரியம் வந்தது. தனியாக நிற்பவன் காற்றில் விழுவான். ஆனால் யாரை நம்பி இருக்கிறோம் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவரோடு "முடியாது" என்று சொல்லிவிட்டு ஒரு மாதமாவது தாக்குப்பிடிக்க வீட்டில் நெல் இருக்க வேண்டும். வியாபாரி தேங்காய்க்கு விலையைக் குறைத்தபோது, "இருக்கட்டும், கொப்பரை போட்டுக்கிறோம்" என்று போன வருஷம் அப்பா சொன்னார். என் அப்பா அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

தம்பிகளே, நாளைக்கே வேலையை விடாதீர்கள். நான் அன்று வாங்கிய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இன்று பணமாக வருவதில்லை. நான் கேட்பது வேறு. இரண்டு மூட்டை நெல்லைக் கொண்டுபோனால் பெரிய மில்லில் அரைத்துத் தர மாட்டேன் என்கிறார்கள். பாரம்பரிய நெல்லை நொறுக்காமல் ஐம்பது கிலோ அளவில் அரைக்க, ஊருக்கு ஒன்று வைக்கிற மாதிரி ஒரு சின்ன இயந்திரம் வேண்டும். செம்மண்ணில் இரண்டு பெண்கள் தூக்கிப்போகிற எடையில் ஒரு களைக்கருவி வேண்டும். இறுதியாண்டு புராஜெக்ட்டைக் கடையில் காசு கொடுத்து வாங்காமல், எங்கள் தோட்டத்துக்கு வாருங்கள். சோதித்துப் பார்க்க நிலம் தருகிறேன். சாப்பாடும் உண்டு. அரிசி, எண்ணெய், கீரை எல்லாம் வேலிக்குள் விளைந்தது. உப்பு மட்டும் கடையில் வாங்கியது.