நைட் ஹால்ட் பஸ்ஸும் ஸ்க்ரீச்சிங் ஹால்ட்டும்

(தொடக்க, உயர்நிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஓர் ஆங்கில மரபுத்தொடரை மட்டும் எடுத்துக்கொண்டு பேசப்போகிறேன். 'கம் டு எ ஸ்க்ரீச்சிங் ஹால்ட்' என்பது அது. ஒரே தொடருக்கு இவ்வளவு நேரமா என்று சிலர் நினைக்கலாம். வகுப்பில் இதற்கு நாம் கொடுப்பது இரண்டு நிமிடம்தான். கரும்பலகையில் தொடரை எழுதுகிறோம். பக்கத்தில் 'திடீரென நின்றுவிடுதல்' என்று பொருள் எழுதுகிறோம். கீழே ஒரு வாக்கியம். பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள். தேர்வில் அதே வாக்கியத்தை எழுதினால் முழு மதிப்பெண். யாருக்கும் தொல்லையில்லை.

ஒரு பிள்ளை தானாக ஒரு வாக்கியம் எழுதும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. 'தி ரெயின் கேம் டு எ ஸ்க்ரீச்சிங் ஹால்ட்' என்று எழுதுகிறது. இலக்கணம் சரி. நாம் கொடுத்த பொருளை வைத்துப் பார்த்தாலும் சரி. மழை திடீரென நின்றது என்றுதான் அது சொல்ல வருகிறது. ஆனால் அந்த வாக்கியம் காதுக்கு ஒட்டவில்லை. நாம் சிவப்பு மையால் அடிக்கிறோம். 'நீங்க சொன்ன அர்த்தம்தானே சார்?' என்று துணிந்து கேட்கிற பிள்ளை ஒன்றிரண்டுதான் இருக்கும். மற்ற பிள்ளைகள் அடுத்த முறை கைடில் உள்ள வாக்கியத்தையே எழுதிவிடுகிறார்கள். சொந்தமாக எழுதினால் தவறாகும், மனப்பாடம் செய்தால் தப்பிக்கலாம் என்று அவர்கள் கற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆங்கில வகுப்பில் இதைவிடப் பெரிய இழப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பிள்ளை எழுதியதில் குறை அதிகமில்லை. நாம் கொடுத்த பொருள்தான் பாதியில் நிற்கிறது. 'திடீரென நிற்பது' என்பது இந்தத் தொடரின் முழுப்பொருள் அல்ல. எப்படி நின்றது, எதனால் நின்றது, நிற்கும் முன் என்ன செய்துகொண்டிருந்தது என்பதும் அதற்குள் இருக்கிறது.

முதலில் 'ஹால்ட்' என்ற சொல்லைப் பார்ப்போம். நம் பிள்ளைகளுக்கு இது புதிய சொல் அன்று. கிராமத்துக்கு இரவு கடைசியாக வந்து, அங்கேயே தங்கி, விடியற்காலையில் முதல் சிங்கிள் எடுக்கிற பேருந்தை ஊரே 'நைட் ஹால்ட் பஸ்' என்கிறது. சின்ன ரயில் நிறுத்தங்களுக்கு ஹால்ட் ஸ்டேஷன் என்று பெயர். உடற்கல்வி ஆசிரியர் 'ஸ்குவாட், ஹால்ட்!' என்று கட்டளையிடுகிறார். ஜெர்மன் மொழியிலிருந்து படைக் கட்டளைச் சொல்லாகத்தான் இது ஆங்கிலத்துக்கு வந்தது. இந்த மூன்றிலும் நிற்பது இருக்கிறது, அதிர்ச்சி இல்லை. நைட் ஹால்ட் பஸ் யாரையும் தூக்கிப்போடுவதில்லை. ஆகவே 'கம் டு எ ஹால்ட்' என்றால் நின்றது என்பது மட்டும்தான்.

அதிர்ச்சி 'ஸ்க்ரீச்'சில் இருக்கிறது. அது ஓர் ஓசை. சாக்பீஸை ஒரு கோணத்தில் பிடித்துப் பலகையில் இழுத்தால் பல் கூசுமே, அந்த ஓசை. தமிழில் 'பஸ் கிறீச்சிட்டு நின்றது' என்று எழுதுகிறோம். ஸ்க்ரீச், கிறீச் இரண்டும் ஒலிக்குறிப்புச் சொற்கள். சக்கரம் போட்ட சத்தத்தை இரண்டு மொழிகளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி கேட்டிருக்கின்றன. இதைச் சொன்னாலே நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் தொடர் பாதி புரிந்துவிடும்.

கிறீச்சிட வேண்டுமானால் வண்டி முதலில் வேகமாக ஓடியிருக்க வேண்டும். ஒருவர் பிரேக்கை அழுத்தியிருக்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் முன்னால் சாய்ந்திருக்க வேண்டும். அறிவியல் ஆசிரியர் இதை நிலைமம் என்று நடத்துவார்; அவர் பாடத்தையும் நம் பாடத்தையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டால் நல்லது. எனவே இந்தத் தொடரில் ஒரு வாக்கியம் எழுதினால் பிள்ளையிடம் கேட்க வேண்டியவை இரண்டே: முன்னால் வேகம் இருந்ததா? பிரேக் போட்டது எது?

இந்தக் கேள்விகளை வைத்துப் பாருங்கள். வகுப்பில் ஒரே கூச்சல். தலைமை ஆசிரியர் வாசலில் வந்து நிற்கிறார். 'தி நாய்ஸ் கேம் டு எ ஸ்க்ரீச்சிங் ஹால்ட்.' பொருந்துகிறது. வேகமும் இருந்தது, பிரேக்கும் வாசலில் நிற்கிறது. 2020 மார்ச் மாதக் கடைசியில் ஊரடங்கு வந்தபோது பேருந்து, ரயில், பள்ளி, கல்யாணம் எல்லாம் திடீரென நின்றனவே, அதற்கும் பொருந்தும். மழைக்கு? பிரேக் இல்லை. அதற்கு 'தி ரெயின் ஸ்டாப்ட் சடன்லி' போதும்.

அடுத்து இதன் உடன்பிறப்பான 'கிரைண்ட் டு எ ஹால்ட்'. இரண்டுக்கும் ஒரே பொருளைப் போட்டுவிடுகிறோம். ஆனால் இதில் திடீரென்பதே இல்லை. வீட்டில் கிரைண்டரில் மாவு அரைபடுகிறது. மின்னழுத்தம் குறைகிறது. கல் மெதுவாகிறது, மோட்டார் உறுமுகிறது, முனகுகிறது, நின்றுவிடுகிறது. அதுதான் 'கிரைண்ட் டு எ ஹால்ட்'. கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு பெற்ற மாநிலம் நம்முடையது; இந்தத் தொடருக்கு வேறு விளக்கம் தேடிப் போக வேண்டாம். மாதக் கடைசியில் எல்லாப் பள்ளிகளும் ஒரே நேரத்தில் விவரம் பதிவேற்றும்போது இணையதளம் என்ன ஆகிறது என்பது உங்களுக்கே தெரியும். (சிரிப்பு.) அதுவும் இதுவே.

இதில் ஒரு பொறி உண்டு. 'கிரைண்ட்' என்பதன் இறந்தகாலம் 'கிரவுண்ட்'. 'தி ட்ராஃபிக் கிரவுண்ட் டு எ ஹால்ட்' என்று படிக்கிற பிள்ளை விளையாட்டுத் திடலை நினைத்துக்கொள்கிறது. அரைப்பு, அரைத்தது என்று ஒரு முறை சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழாசிரியர்கள் தன்வினை, பிறவினை நடத்துகிறார்கள், நின்றது, நிறுத்தியது. ஆங்கிலத்தில் இங்கே வினைச்சொல்லே மாறுகிறது. தானாக நின்றால் 'கேம் டு எ ஹால்ட்', பிறிதொன்று நிறுத்தினால் 'ப்ராட் டு எ ஹால்ட்'. 2021 மார்ச் 23 அன்று 'எவர் கிவன்' என்ற 400 மீட்டர் நீளக் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் நின்றது. படத்தைக் காட்டி, கப்பலுக்கு ஒரு வாக்கியம், பின்னால் காத்திருந்த கப்பல்களுக்கு ஒரு வாக்கியம் கேளுங்கள். முதலாவது 'தி ஷிப் கேம் டு எ ஹால்ட்'. இரண்டாவது 'இட் ப்ராட் தி அதர் ஷிப்ஸ் டு எ ஹால்ட்'. ஒன்பதாம் வகுப்புக்கு இது போதும். 'எ' விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழில் அதற்கு இணை இல்லாததால் பிள்ளைகள் அதைத்தான் முதலில் விடுகிறார்கள்.

தொடக்க வகுப்புகளில் எழுத்துக்கு முன் உடம்பு. ஒரு பிள்ளை ஓட்டுநர், பின்னால் பத்துப் பேர் பேருந்து. நீங்கள் 'ஸ்க்ரீச்!' என்றால் முன்னால் சாய்ந்து நிற்க வேண்டும். 'கிரைண்ட்' என்றால் உறுமிக்கொண்டே மெதுவாகி நிற்க வேண்டும். 'நைட் ஹால்ட்' என்றால் நின்று, தூங்க வேண்டும். மூன்றாவதுதான் அவர்களுக்கு மிகவும் பிடிக்கும்.

உயர்நிலை வகுப்பில், ஆங்கிலத்துக்குப் போகும் முன், நிற்பதற்கு அவர்கள் ஊரில் என்னென்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். சண்டி மாடு படுத்துக்கொண்டது, வேலை படுத்துவிட்டது, ஆணி அடித்த மாதிரி நின்றான், போக்குவரத்து ஸ்தம்பித்தது. ஸ்தம்பம் என்றால் தூண். தூண் போல நின்றுவிடுவது ஆங்கிலத்தின் 'ஸ்டாண்ட்ஸ்டில்'லுக்கு மிக அருகில் வருகிறது. சண்டி மாட்டுக்கு இணையான ஆங்கிலத் தொடரைத் தேட வேண்டாம். ஒவ்வொரு தொடருக்குள்ளும் ஒரு காட்சி இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிந்தால் போதும்.

கடைசியாக மதிப்பெண். மழை வாக்கியத்தை எழுதிய பிள்ளைக்கு என்ன போடுவது? சொந்த வாக்கியம், இலக்கணம் சரி. நான் பாதிக்கு மேல் போடுவேன். சிவப்பு மை வேண்டாம். ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி: 'மழைக்குப் பிரேக் உண்டா?' இப்படி எழுதிக் கொடுத்த நோட்டு ஒன்று மறுநாள் திரும்பி வந்தது. ஏழாம் வகுப்பு மாணவி. முதல் வாக்கியத்தை அடித்துவிட்டு, கீழே எழுதியிருந்தாள்: 'தி ரெயின் ஸ்டாப்ட். மை பேப்பர் போட் கேம் டு எ ஹால்ட்.'