கொம்பு ஊதும் வாய் எங்கே?
(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"இக்காலத்து இளைஞர்க்கு மூச்சில்லை, அதனாலேயே கொம்பும் எக்காளமும் மறைகின்றன" என்று முதியோர் சிலர் சொல்லக் கேட்கலாம். அக்கூற்று மெய்யா என்று ஆராய்வதே இவ்வுரை எடுத்துக்கொண்ட பொருள். பித்தளையாலும் செம்பாலும் வெண்கலத்தாலும் செய்யப்பெற்று, உதடதிர ஊதப்பெறும் கருவிகளைத் தமிழிளைஞர் கைவிட்டனரா? விட்டனர் எனின், எதனை விட்டனர், எதனை விட்டிலர்? விட்டமைக்குக் குற்றம் யாருடையது?

முதற்கண் பெயர்களை நோக்குக. கொம்பு என்னும் கருவிப்பெயர் விலங்கின் கொம்பினின்று வந்தது. கோடு என்பதும் அவ்வாறே. மரக்கிளைக்கும் கொம்பென்று பெயர், கோடென்றும் பெயர். ஆவின் தலைமேல் வளைந்ததற்கும் அவையே பெயர். அதனை ஊதிய மாந்தன் பின்னர் மாழையால் (உலோகத்தால்) அதே வளைவைச் செய்து ஊதியபோதும் பெயர் மாறிற்றில்லை. ஆங்கிலர் 'ஆர்ன்' என்று சொல்வதும் இவ்வழியிற் பிறந்த பெயரே. சங்கப் பாடல்களில் வயிர் என்றொரு பெயரும் உண்டு. முல்லைப்பாட்டில் வென்று மீளும் படையின் நடுவே வயிரும் வளையும் முழங்குகின்றன; திருமுருகாற்றுப்படையிலும் வயிர் ஒலிக்கின்றது.

மலைபடுகடாம் பாடிய பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார், நன்னனைக் காணச் செல்லும் கூத்தர் சுமந்த கருவிகளை நூலின் தொடக்கத்திலேயே அடுக்குகின்றார். அவற்றுள் கோடும் உண்டு. தூம்பு இரண்டும் உண்டு. தூம்பென்பது உட்டுளை உடையது; ஏரிநீர் கழியும் வழிக்கும் அதுவே பெயர். நெடிய தூம்புக்கு அவர் தந்த அடையைக் கருதுக: களிறு தன் கையால் நெட்டுயிர்ப்பதுபோல் ஒலிப்பதாம். குறிய தூம்பையோ அவர் இளி என்னும் நரம்போடு சேர்த்துச் சொல்கின்றார். இளி என்பது, இன்று பஞ்சமம் என்று வடமொழிப் பெயரிட்டு வழங்கப்பெறும் தமிழ்நரம்பு. இதனை வெறும் அணியென்று தள்ளற்க. துளையிடாக் குழாயொன்றை உதடதிர ஊதுவோன் ஏழு நரம்பையும் வரிசையாகப் பெற முடியாது. தளர்ந்த உதட்டில் அடிக்குரல் பிறக்கும். உதட்டை இறுக்கினால் ஒலி ஏறாது, தாவும்! முதலில் அதன் மேற்குரலுக்கும், அடுத்து இளிக்கும், அதன்பின் மீண்டும் குரலுக்கும், அதற்கும் மேலே கைக்கிளைக்கும் தாவும். குரலுக்கும் இளிக்கும் உள்ள அளவு 2க்கு 3. இஃது எந்நாட்டுக் குழாய்க்கும் பொதுவான இயற்கை. குரல் தவிர்த்து, ஊதுகுழாயில் முதன்முதல் எழும் வேற்று நரம்பு இளியே. ஈராயிரம் ஆண்டின் அளவினதாகிய ஒரு பாட்டு, ஊதுகருவியை இளியோடு பிணைத்து வைத்திருக்கின்றதெனின், அதனைக் கேட்ட செவி எத்தகையது என்று எண்ணிப் பார்க்க!

பிற்காலத்தே இவ்வினம் பெருகிற்று. சுருளாது நீண்ட தாரை, நெட்டுடல் எக்காளம், ஒருவரே இரண்டினை வாயில் வைத்து ஒருங்கூதும் திருச்சின்னம் என்று பலவாயின. ஞானசம்பந்தர்க்குத் திருநெல்வாயில் அரத்துறையில் முத்துச்சிவிகையும் முத்துக்குடையும் கிட்டியபோது உடன் கிட்டியவை முத்துச்சின்னங்கள் என்று சேக்கிழார் பாடினார். காஞ்சிப் பெருமாளின் சின்னவொலியை வைத்தே வேதாந்த தேசிகர் திருச்சின்னமாலை என்று ஒரு தமிழ்ச் சிறுநூல் செய்தார். அரசன் புறப்பாட்டுக்கும் இறைவன் புறப்பாட்டுக்கும் முன்னே நடந்தது இக்கருவி. முன்னே நடந்த மாந்தன் எங்கே நிறுத்தப்பட்டான் என்பது வேறு கதை. அதற்குப் பின்னர் வருவோம்.

இனி, மூச்சில்லை என்னும் குற்றச்சாட்டு. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி ஐரோப்பிய இசைக்குழுவொன்றைத் தம் அரண்மனையில் வளர்த்தார். அதன்பின் பித்தளைக் கருவிகள் படைவரிசையிலும் கிறித்தவக் கோயில்களிலும் திருமண ஊர்வலங்களிலும் புகுந்து, 'பேண்டு' என்ற பெயரோடு ஊர்தோறும் பரவின. இன்றும் காவல்துறை இசைக்குழுவில் 'திரம்பெட்டு' என்னும் மேலை எக்காளத்தை ஊதுவோர் தமிழ்நாட்டுப் பிள்ளைகளே. பள்ளி அணிவகுப்புகளில் பித்தளைக் குழல் பிடிப்போரும் அவர்களே. அவர்தம் நெஞ்சில் மூச்சு இருக்கின்றதன்றோ? மேலைக் கருவியை ஊத வேண்டுவதும் அதே உதடு, அதே வயிற்று மூச்சு. சுருள்நீட்சியும் அடைப்பிதழும் சேர்ந்தமையால் அதில் எல்லா நரம்பும் எட்டும் என்பதொன்றே வேற்றுமை. ஆகவே இளைஞர் பித்தளையை விட்டாரல்லர். தமிழ்ப் பித்தளையை விட்டனர். ஆண்டு முழுதும் ஊதியம், உடுக்கச் சீருடை, கற்பிக்க ஓர் ஆசிரியர், எழுதிவைத்த இசைக்குறிப்பு, ஓய்வுபெற்றபின் ஒரு தொகை என இவ்வளவும் ஒரு பக்கம் நிற்க, மறுபக்கத்தில் என்ன நிற்கின்றது என்று பார்த்தால் விடை தானே தெரியும்.

மறுபக்கம் இது. நாட்டுப்புறத்துக் கொடைவிழா ஒன்றிற்கு ஓரிரண்டு கொம்பு வரும். வளைந்த இரு பாதிகளைப் பிறைபோலவும் பொருத்தலாம், பாம்பின் நெளிவுபோலவும் பொருத்தலாம். அதனைத் தோளுயரத்தில் தூக்கிப் பிடிக்கும் கையைக் கூர்ந்து நோக்குக. பெரும்பாலும் அது முதியதொரு கை. கொடி ஏறும்போது ஓர் ஊதல், தெய்வம் வாயில் கடக்கும்போது ஓர் ஊதல், அடி மாறும்போது பறைக்கு விடையாக ஓர் ஊதல் என்று அக்கை அறிந்தவை பல. அவற்றுள் ஒன்றும் ஏட்டில் இல்லை. கற்கத் தொடங்குவோன் பன்னாள் வரை ஒரே ஒலியைத் திருத்திக்கொண்டிருத்தல் வேண்டும், உதடு வீங்கும், காது கிறுகிறுக்கும். அத்துணைப் பாட்டிற்குப் பின் கிட்டுவது ஆண்டில் சில இரவுகளின் கூலி. பந்தியில் கடைசி இலை. சில ஊர்களில் பந்திக்கு வெளியே ஓர் இலை.

இதனை மூடி மறைத்துவிட்டு இசையழிவு பற்றிப் புலம்புவதில் பயனில்லை. கொம்பும் பறையும் பல ஊர்களில் பிறப்பால் விதிக்கப்பட்ட ஊழியமாய் இருந்தன. மேற்குடியார் வீட்டில் சாவு விழுந்தால் ஊத வேண்டும், மறுக்க முடியாது, கொடுப்பதை வாங்கிக்கொள்ளல் வேண்டும். தென்னார்க்காட்டில் இளையபெருமாள் போன்ற தலைவர்கள் சாவுப்பறை அடிப்பதை நிறுத்துமாறு தம் மக்களைத் திரட்டியது, இசையை வெறுத்தன்று; இழிவை வெறுத்தே. அவ்வழியில் தந்தை கீழே வைத்த கொம்பை மகன் எடுக்கவில்லை எனின், அம்மகனைப் பழிப்பவர் யாரும் முதலில் தம் ஊர்த் தேநீர்க்கடையில் அவன் தந்தைக்கு எக்குவளை நீட்டப்பட்டது என்பதை நினைவுகூர்தல் நலம்.

நீலமலையில் வாழும் கோத்தரை ஈண்டு நினைக்கலாம். தமிழுக்கு நெருங்கிய திராவிட மொழி பேசும் அச்சிறுகுடியார் கொல்லரும் ஆவர், குயவரும் ஆவர், இசைவாணரும் ஆவர். வளைந்த ஊதுகருவியை அவர்கள் 'கொப்' என்பர். கொம்பென்னும் சொல்லின் உடன்பிறப்பு அது. அண்டைக் குடியினர் சாவுகளுக்குச் சென்று ஊதும் கடமை கடந்த நூற்றாண்டில் பெரிதும் அற்றுப்போயிற்று. தம் தெய்வத்திற்கும் தம் சாவிற்கும் ஊதுவதை அவர்கள் விட்டாரல்லர். ஊழியம் போயும் கருவி நின்றது. கருவி அவர்களுக்குச் சொந்தமாய் இருந்தமையே ஏது.

சேரநாட்டின் நிலை வேறு. திமிலை, மத்தளம், இடக்கை, தாளம், கொம்பு என்னும் ஐந்தும் சேர்ந்ததை அங்கே பஞ்சவாத்தியம் என்பர். வாத்தியம் வடசொல், கருவிகளோ அயலன்று. திமிலையும் இடக்கையும் மத்தளமும் அடியார்க்குநல்லார் தம் சிலப்பதிகார உரையில் எண்ணிய கருவிகளே. திருச்சிவப்பேரூர்ப் பூரத்தில் கொம்பர் வரிசையாக நின்று வானோக்கி ஊதுவதைக் காண நாடே திரள்கின்றது. அதனினும் பெரிது ஒன்றுண்டு. 1957ஆம் ஆண்டில் (திருவள்ளுவர் ஆண்டு 1988) எரணாகுளத்தில் தொடங்கிய அந்நாட்டுப் பள்ளிக் கலைவிழா, காலப்போக்கில் இவ்வைங்கருவியையும் மாணவர் போட்டிக்குரிய இசையாக ஏற்றுக்கொண்டது. மீசை அரும்பாத பிள்ளை அங்கே பள்ளியின் பெயரால் கொம்பூதுகின்றான்; பரிசு பெறுகின்றான்; மதிப்பெண்ணும் பெறுகின்றான். அங்கும் கோயில் இசையில் சாதிக்கட்டு உண்டு, அதனை மறைப்பதற்கில்லை. ஆயினும் பள்ளி மேடை ஒரு கதவைத் திறந்துவிட்டது.

தமிழ்நாட்டிலோ செல்வர் வீட்டுத் திருமணத்திற்குச் சேரநாட்டுச் செண்டையை வருவிக்கின்றனர். வருவோர் மீது பகையில்லை. அவர் உழைப்பாளர், உடன்பிறந்த நாட்டார். ஆனால் அவர்க்கு வண்டிச் செலவும் தங்குமிடமும் உணவும் மனமுவந்து கொடுக்கின்ற அதே வீட்டார், தம்மூர்க் கொம்பனுக்குக் கூலி பேசுங்கால் வாயிலில் நிறுத்திப் பேசுகின்றனரே, அதைத்தான் கேட்டல் வேண்டும். 'சாவுக்கு ஊதுகிறவனை மங்கலத்திற்கு அழைப்பதா' என்று முணுமுணுக்கும் வாய், செண்டையின் பிறப்பு வளர்ப்பை உசாவுவதில்லை. தொலைவினின்று வந்ததற்குச் சாதி தெரிவதில்லை போலும்!

தமிழிசை இயக்கத்தின் மேலும் ஒரு கேள்வி உண்டு. 1941இல் அண்ணாமலைநகரில் மாநாடு கூடிற்று; 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் பிறந்தது. மேடையில் தமிழ்ப்பாட்டு ஒலிக்க அப்பெரியோர் பட்டபாடு மறக்கற்பாலதன்று. ஆனால் அவர்கள் போராடியது பாட்டின் மொழிக்கு. தெருவில் நின்ற கருவிக்கு அன்று. பாடுவோர் தமிழில் பாடினர்; பக்கத்தில் வயலின் இருந்தது; கொம்பன் அரங்கிற்கு வெளியே நின்றான். அதன் பின்வந்த ஏற்பாடுகளும் அக்கோட்டிலேயே சென்றன. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் கற்பிக்கப்பெறும் பாடங்கள் குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மதங்கம் (மிருதங்கம்) என்னும் ஏழு. ஐரோப்பாவில் பிறந்த வயலினுக்கு இருக்கை உண்டு. மலைபடுகடாம் சொன்ன கோட்டிற்கு இல்லை.

பறையின் நிலை இன்று மாறிவருகின்றது. ஒடுக்கப்பட்டோர் கலைவிழாக்கள் வழியே அது விடுதலைக் கருவியாக நிமிர்ந்தது. கல்லூரி மாணவரும் பெண்களும் விரும்பிக் கற்கின்றனர். அதன் பக்கத்திலேயே நின்ற கொம்பு ஏன் உடன் எழவில்லை? சில ஏதுக்கள் வெளிப்படை. பறையைச் சின்னாட் பயிற்சியில் ஓரளவு அடித்துவிடலாம். கொம்பு அதற்கு இடங்கொடாது. பறை ஐம்பது பேர் சேர்ந்தடிக்க ஏற்றது. கொம்பில் ஒருவன் பிழைத்தாலும் ஊர் கேட்கும். பறை கட்டுவோர் பலருளர். நல்ல கொம்பு அடித்துத் தருவோர் அரியர். ஆயினும் பறை ஒன்றை மெய்ப்பித்துவிட்டது: இழிவு நீங்கினால் இளைஞர் வருவர்.

எனவே இயக்கத்தார் செய்யத்தக்கவை சில உள. அரசிடம் கேட்கவேண்டுவது, இசைப்பள்ளிகளில் எட்டாம் பாடமாக ஊதுகொம்பும் எக்காளமும். ஆசிரியராகப் பட்டம் பெற்றாரைத் தேடற்க. ஊதத் தெரிந்த முதியோரை அமர்த்துக, முழு ஊதியத்துடன். அவர்தம் ஊதல்களை, இஃது இன்ன வேளைக்குரியது என்ற குறிப்போடு ஒலிப்பதிவு செய்க. இன்று எளிய கைப்பேசியே அதற்குப் போதும். தமிழர் திருமணம் என்று அழைப்பிதழ் அச்சிட்டு, வடமொழி மந்திரத்தை நீக்கி, குறளோதி மாலை மாற்றும் குடும்பங்கள் பலவாகப் பெருகியுள்ளன. அத்திருமணங்களில் மணமக்கள் மேடையேறும்போது கொம்பொலி எழட்டும். செண்டைக்குக் கொடுப்பதாக இருந்த தொகை எதுவோ, அதே தொகை பேசப்பெறுக. முன்பணம் அவர் வீடு சென்று தரப்பெறுக. விருந்தில் முதற்பந்தியில், மணமகன் தந்தைக்கு அடுத்த இலை கொம்பருக்கு.

தைத்திங்கள் தமிழர் திருநாளுக்கு ஒவ்வோர் ஊர்க்கிளையும் ஒரு கொம்பை வாங்கி வைக்கலாம். அது சங்கத்தின் சொத்தாக இருக்கட்டும்; ஒரு குடிக்கோ ஒரு தெருவிற்கோ உரியதாக இருத்தல் வேண்டா. ஆணாயினும் பெண்ணாயினும், எத்தெருப் பிள்ளையாயினும், இருவரைத் தேர்ந்து பக்கத்தூர் முதியவர் ஒருவரிடம் கிழமைக்கு இருமுறை அனுப்புக. முதலாண்டில் குரலும் இளியும் தெளிவாக எழுந்தால் போதும். கைக்கிளைக்கு இரண்டாம் ஆண்டு ஆகலாம். அம்முதியவருள் சிலர்க்கு அகவை எழுபதைக் கடந்துவிட்டது. வரும் தைக்குள் பிள்ளைகள் அவர் வாயில் சென்று சேர்தல் வேண்டும்.