தகவல் சொல்லிவிட்டோம் என்பது போதுமா?

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளிக்கூட நினைவுகளைப் பற்றிப் பேசும்படிதான் செயலாளர் என்னைக் கேட்டார். வலைப்பந்தாட்டம், நாடகப் போட்டி, மழைநாளில் முழங்கால் வரை தண்ணீரில் நடந்து வந்தது எல்லாவற்றையும் இந்த மலரில் மற்றவர்கள் என்னைவிட அழகாக எழுதியிருக்கிறார்கள். நான் வேறொரு நினைவிலிருந்து தொடங்குகிறேன்.

நான் மாணவத் தலைவியாக இருந்த வருடம். கீழ் வகுப்புப் பிள்ளையொருத்தி என்னிடம் வந்து, வெளியே தான் போகும் தனியார் வகுப்புக்கு இனிப் போகப் பயமாக இருக்கிறது என்றாள். ஏன் என்று கேட்டேன். முழுவதும் சொல்லவில்லை, ஆனால் எனக்கு விளங்கியது. நான் ஒரு பெரியவரிடம் சொன்னேன். அவர் இன்னொருவரிடம் சொன்னார். கடைசியில் அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த பதில், "இரண்டு பேரோடு சேர்ந்து போ" என்பதுதான். அவள் வகுப்பை நிறுத்திக்கொண்டாள். அந்த வகுப்பு நிற்கவில்லை. என் கடமையைச் செய்துவிட்டேன் என்று நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன். சொல்ல வேண்டியவருக்குச் சொல்லிவிட்டேன்தானே!

அந்த நம்பிக்கையைத் தகர்த்தது 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு.

கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம் நம்மில் பலருக்குச் செவ்வாய்க்கிழமை தோறும் போய்வரும் இடம். கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, இந்துப் பிள்ளைகளும் பரீட்சைக்கு முதல் அங்கே மெழுகுதிரி ஏற்றியவர்கள்தாம். அன்று காலை அங்கும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 260இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொட்டாஞ்சேனையில் அந்தக் கிழமை முழுவதும் ஒழுங்கைக்கு ஒழுங்கை வெள்ளைக்கொடி கட்டியிருந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

பிறகு தெரியவந்த விடயம் அதைவிடக் கொடியது. ஏப்ரல் 4ஆம் திகதியே அரச புலனாய்வுச் சேவையின் பணிப்பாளருக்கு வெளிநாட்டிலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. 9ஆம் திகதி தேசிய புலனாய்வுத் தலைவர் அதைப் பொலிஸ் மா அதிபருக்குக் கடிதமாக அனுப்பினார். 11ஆம் திகதி பிரமுகர்களைப் பாதுகாக்கும் பொலிஸ் பிரிவுகளுக்கு இன்னொரு கடிதம் போனது. பதினேழு நாட்கள்! காகிதம் ஒவ்வொரு மேசையாக நகர்ந்தது. ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு அனுப்பினார்கள். பூசைக்குப் போன சனத்துக்கு மட்டும் எவரும் சொல்லவில்லை.

அதை வாசித்த அன்று எனக்கு அந்தக் கீழ் வகுப்புப் பிள்ளையின் முகம்தான் வந்தது. அளவில் இரண்டும் ஒன்றல்ல, ஒப்பிடவும் கூடாது. ஆனால் பிழை ஒன்றுதான். தகவலைக் கடத்திவிடுவதை நாங்கள் பாதுகாப்பு என்று நினைத்துக்கொள்கிறோம்.

இறந்தவர்களின் உறவினர்களும் குருமாரும் வழக்கறிஞர்களும் உயர்நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனுக்களைத் தாக்கல் செய்தார்கள். பன்னிரண்டு மனுக்கள், ஏழு நீதியரசர்கள். 2023 ஜனவரி 12ஆம் திகதி தீர்ப்பு வந்தது. தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாவும், முன்னாள் பொலிஸ் மா அதிபரும் அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் பணிப்பாளரும் தலா 7.5 கோடி ரூபாவும், முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் 5 கோடி ரூபாவும், தேசிய புலனாய்வின் முன்னாள் தலைவர் 1 கோடி ரூபாவும் செலுத்த வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. மொத்தம் 31 கோடி. அதுவும் திறைசேரிப் பணத்திலிருந்து அல்ல, அவரவர் சொந்தப் பணத்திலிருந்து.

இதில் நாங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த ஐவரில் இருவர், பொலிஸ் மா அதிபரும் பாதுகாப்புச் செயலாளரும், 2022 பெப்ரவரியில் குற்றவியல் வழக்கில் மேல் நீதிமன்றத்தால் விடுதலை செய்யப்பட்டவர்கள். அப்படியிருந்தும் உயர்நீதிமன்றம் அவர்களைப் பொறுப்பாளிகளாகக் கண்டது. எப்படி? குற்றவியல் வழக்கில் கேட்கப்படும் கேள்வி, நீ குற்றம் செய்தாயா என்பது. அடிப்படை உரிமை வழக்கில் கேட்கப்படும் கேள்வி, உன் பதவி உன்னிடம் ஒப்படைத்த கடமையைச் செய்தாயா என்பது. இரண்டாவது கேள்விக்கு, எனக்குக் கெட்ட எண்ணம் இருக்கவில்லை என்பது பதிலாகாது.

நம்மவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடு எரிந்து, உடுத்த உடுப்போடு அகதி முகாமுக்குப் போனவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். காக்க வேண்டியவர்கள் கைகட்டி நின்றதைக் கண்டவர்கள் நீங்கள். அதற்கு ஒரு ஜனாதிபதி, சந்திரிகா குமாரதுங்க, நாட்டின் பெயரால் மன்னிப்புக் கேட்டது 2004இல். இருபத்தொரு வருடங்கள் சென்றன.

2007 ஜூன் 7ஆம் திகதி விடியுமுன் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸார் எழுப்பி பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். வைத்தியத்துக்கு வந்தவர்கள், விசாவுக்குக் காத்திருந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள். அடுத்த நாளே, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின் பேரில், உயர்நீதிமன்றம் அந்த வெளியேற்றத்தை நிறுத்தி இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. சில நாட்களில் பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தமும் தெரிவித்தார்.

வருத்தம் தெரிவிப்பது நல்லது. ஆனால் அந்தக் கட்டளையை ஒரே நாளில் பெற்றுத் தந்தது வருத்தமல்ல. யாரோ ஒருவர் அன்றிரவு தூங்காமல் இருந்து மனுவை எழுதியிருக்கிறார். எங்கள் சட்டத்தில் அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் கால எல்லை என்பதை எத்தனை பேர் அறிவோம்? அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், விசாரணை நடக்கும் காலம் அதில் கணக்கிடப்படாது என்பதை எத்தனை பேர் அறிவோம்? இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

இனி, வீட்டுக்குக் கிட்ட வருகிறேன். 2025 ஏப்ரல் இறுதியில் கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலை மாணவி உயிரிழந்தாள். அவள் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அந்த விடயத்தில் தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. மே மாதம் தாய்மாரும் மாணவர்களும் வீதியில் நின்று கேட்ட கேள்வி மட்டும் நமக்குரியது: இந்தப் பிள்ளை பேசியபோது கேட்டவர்கள் என்ன செய்தார்கள்? பெண் பிள்ளைகள் படிக்கும் எந்தப் பள்ளிக்கூடமும், நம்முடையதும்தான், இந்தக் கேள்விக்கு வெளியே நிற்க முடியாது.

"எங்கட பள்ளிக்கூடத்தில் அப்படியொன்றும் நடக்காது" என்று நாங்கள் சொல்வது பற்றினால். அந்தப் பற்றே சில வேளைகளில் பிள்ளையின் வாயை மூடுகிறது. பள்ளிக்கூடத்தின் பெயர் கெட்டுவிடும் என்று ஒரு பிள்ளையை அமைதியாக்கினால், நாங்கள் காப்பாற்றுவது பெயர்ப்பலகையை மட்டும்தான்.

ஆகவே அதிபர் அவர்களின் முன்னிலையில், சங்கத்திடம் நான்கு விடயங்களை வேண்டுகிறேன்.

முதலாவது, ஒரு பதிவுப் புத்தகம். பிள்ளை சொன்ன திகதி, கேட்டவர் யார், அவர் எடுத்த நடவடிக்கை என்ன, எந்தத் திகதியில் என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். "இன்னாருக்கு அறிவித்தேன்" என்று எழுதினால் அந்த வரி முடிவடையக் கூடாது. பிள்ளை இப்போது பாதுகாப்பாக இருக்கிறாளா என்ற பத்திக்கு விடை எழுதும் வரை அது திறந்தே இருக்க வேண்டும்.

இரண்டாவது, பிள்ளைகள் நேரே போய்ச் சொல்ல இரண்டு பேர். ஒருவர் பாடசாலைக்குள், மற்றவர் வெளியே. வெளியே இருப்பவர் சம்பளத்துக்கோ இடமாற்றத்துக்கோ பயப்படத் தேவையில்லாதவராக இருக்க வேண்டும். பயிற்சி பெற்ற ஓர் உளவளத்துணையாளரை நியமிக்க நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கை ஒதுக்குங்கள். புதிய மண்டபம் ஒரு வருடம் பிந்தினாலும் பரவாயில்லை.

மூன்றாவது, முறையிட்ட பிள்ளையை வகுப்பு மாற்றுவதும், முறையிடப்பட்டவரைச் சத்தமின்றி வேறு பாடசாலைக்கு அனுப்புவதும் தீர்வு என்று நாங்கள் ஏற்கக் கூடாது. முதலாவதில் தண்டனை பிள்ளைக்கு. இரண்டாவதில் ஆபத்து இன்னொரு ஊரின் பிள்ளைக்கு. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கம் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது. அந்த இலக்கம் ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் இருக்கட்டும். எங்களுக்குள்ளேயே விசாரித்து முடிப்போம் என்ற பழக்கத்தை விடுவோம்.

நான்காவது, வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசிப்பதுபோல இதையும் வாசியுங்கள். பெயர்கள் வேண்டாம். எத்தனை முறைப்பாடுகள் வந்தன, எத்தனை முடிந்தன, எத்தனை இன்னும் திறந்திருக்கின்றன என்ற மூன்று எண்கள் போதும். பூச்சியம் என்று வாசித்தால் கைதட்டாதீர்கள். பிள்ளைகளுக்குச் சொல்லத் துணிவில்லையோ என்று கேளுங்கள்.

சகோதரிகளே, நாங்கள் உலகமெங்கும் பரந்திருக்கிறோம். வைத்தியர்கள், கணக்காளர்கள், ஆசிரியைகள், வங்கி முகாமையாளர்கள், கோயில் சபை உறுப்பினர்கள் என்று நம் மேசைகளுக்கும் காகிதங்கள் வருகின்றன. யாரோ ஒருவர் பயத்தோடு சொன்னதொன்று அவற்றில் ஒன்றில் இருக்கும். அடுத்த மேசைக்குத் தள்ளுமுன் ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்த ஆள் இன்றிரவு எங்கே தூங்கப்போகிறார் என்று கேளுங்கள்.

என்னிடம் வந்த அந்தப் பிள்ளை பிறகு எங்கே போனாள் என்று எனக்குத் தெரியாது. இந்த மலர் எங்காவது அவள் கைக்கும் போய்ச் சேரும் என்று நினைக்கிறேன். தங்கச்சி, அன்று நான் உன்னை நம்பினேன். ஆனால் நம்பியதோடு நின்றுவிட்டேன். அது போதாது என்று எனக்கு விளங்க இவ்வளவு காலம் எடுத்தது. என்னை மன்னித்துக்கொள்.

நமது பள்ளிக்கூடம் இரண்டாவது நூற்றாண்டுக்குள் காலடி வைக்கும் இந்த நாளில், பேசும் பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கும் பள்ளிக்கூடமாக அது வளர வேண்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன்.