மகளே, மக்களே



தாம்பரம் அருகே சேலையூரில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு ஒலிப்பதிவுக்கூடம் நடத்துகிறேன். கூடம் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. ஒரு மைக், ஒரு கணினி, சுவரெல்லாம் பழைய மெத்தை, அவ்வளவுதான். கல்யாண வாழ்த்து, கோயில் திருவிழாப் பாட்டு, கடை விளம்பரம் என்று பிழைப்பு ஓடுகிறது. போன கோடை விடுமுறையில் அக்கா மகள் வந்தாள். "மாமா, என் குரலைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துடப் போறேன். நான் தூங்கினாலும் அது பாடணும்" என்றாள்.

விளையாட்டுப் பேச்சில்லை. 2004இலேயே யமாஹாவின் பாடும் மென்பொருள் 'வோக்கலாய்ட்' வந்துவிட்டது. அதில் குரல் கடைச்சரக்கு, வாங்கத்தான் வேண்டும். 2008இல் ஜப்பானில் ஒரு தனிமனிதர் எழுதி இலவசமாக வெளியிட்டது 'உத்தாவு'. ஜப்பானிய மொழியில் 'பாடு' என்று அர்த்தம். இதில் நம் குரலை நாமே எழுத்தெழுத்தாகப் பதிந்து கொடுக்கலாம். மெட்டையும் சொல்லையும் தட்டினால், அந்தத் துண்டுகளை ஒட்டியும் நீட்டியும் அது பாடிவிடும்.

நாங்கள் எடுத்துக்கொண்டது இதைத்தான். அவள் ஒரே மதியத்தில் 216 உயிர்மெய்யையும் சொல்லி முடித்துவிட்டாள். முதல் பாட்டு, பாட்டி பாடும் தாலாட்டு. 'மகளே' என்று கணினியில் அடித்தோம். ஸ்பீக்கரில் வந்தது 'மக்களே!' கீழேயிருந்து என் அம்மா குரல் கொடுத்தார்: "யாருடா மாடியில கட்சிக் கூட்டம் போடறது?"

என்ன நடந்தது? 'கண்' என்று சொல்லிப் பாருங்கள். பிறகு 'அகம்'. பிறகு 'தங்கம்'. எழுத்து ஒன்றுதான், ஒலி மூன்று. அவள் பதிந்திருந்தது 'கண்'ணில் வருகிற வல்லோசை மட்டும். அதை 'மகளே' நடுவில் செருகினால் மக்கள்தான் வருவார்கள். ஆக, குரலில் பிசிறு தட்டுகிறதே என்று கவலைப்படுவதற்கு முன்னால், எழுத்தைப் பதியாமல் ஒலியைப் பதிய வேண்டும்.

இனி ஒட்டு. மன்னிக்க வேண்டும், இங்கே கொஞ்சம் அதிக நேரம் நிற்கப்போகிறேன். எனக்குப் பிடித்த இடம் இது. 'மணி' என்று சொல்லி நிறுத்துங்கள். பிறகு 'அழகு'. இப்போது இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். மணியழகு! நடுவில் ஒரு யகரம் வந்து உட்கார்ந்ததே, யார் கூப்பிட்டது? 'பூ'வோடு 'அழகு' சேர்ந்தால் வகரம் வருகிறது. பள்ளிக்கூடத்தில் உடம்படுமெய் என்று உருப்போட்டோமே, அதேதான். ஒரு உயிரிலிருந்து இன்னொரு உயிருக்கு நாக்கும் உதடும் நடந்து போகிற வழி அது. கணினிக்கு அந்த வழி தெரியாது. 'ணி' முடிந்த இடத்தில் 'அ'வை வைத்துத் தைக்கும். தையல் காதில் உறுத்தும். அதனால் 'ம' என்று தனியாகப் பதியக் கூடாது. 'அம', 'இம', 'உம' என்று முன்னால் வரும் உயிரையும் சேர்த்துப் பதிய வேண்டும். வேலை பல மடங்காகும், ஆனால் வழியும் சேர்ந்தே பதிவாகும். சென்னை ஐ.ஐ.டி.யில் இந்திய மொழிகளுக்குப் பேசும் கணினி செய்தவர்கள் அசையை அலகாக எடுத்துக்கொண்டதிலும் இந்தக் கணக்கு உண்டு. துண்டு பெரிதானால் தையல் குறையும்.

இன்னொன்று, நீட்டல். உத்தாவில் ஒவ்வொரு துண்டிலும் ஒரு கோடு போட வேண்டும்: இதுவரை நீட்டாதே, இதற்கு மேல் இஷ்டம்போல் நீட்டு. எங்கே போடுவது என்று அவள் திணறினாள். நான் பவணந்தியாரின் இலக்கண நூலான நன்னூலை எடுத்துக் கொடுத்தேன். சிரிக்காதீர்கள்! மெய்க்கு அரை மாத்திரை, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. உயிர் அளபெடுக்கும், அதாவது அளவு தாண்டி நீளும். மெய்கள் எல்லாமே அப்படி நீள்வதில்லை. நீளும் மெய்களின் பட்டியலில், அதாவது ஒற்றளபெடையில், ங, ஞ, ண, ந, ம, ன, வ, ய, ல, ள உண்டு, ஆய்தம் உண்டு. வல்லினம் ஒன்றுகூட இல்லை. ஏன்? 'க்', 'ப்' சொல்லும்போது வாய்க்குள் காற்று அடைபட்டு நிற்கிறது, நீட்டுவதற்கு அங்கே ஓசையே கிடையாது. பவணந்தியார் ஏறக்குறைய 800 ஆண்டுகளுக்கு முன்னால் போட்டுவைத்த கோட்டின்மேல்தான் நாங்களும் கோடு போட்டோம். அன்றைக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

தூக்கம் வராதது நல்லதாகப் போயிற்று, மறுபதிவை ராத்திரியில்தான் செய்ய முடிந்தது. பகலில் விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம் தலைக்கு மேலே வட்டமடிக்கும். கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. பகலில் ரயில் ஓய்ந்த நேரம் என்று ஒன்றை நான் கண்டதில்லை. மின்விசிறியை நிறுத்தி, மே மாதப் புழுக்கத்தில், மெத்தை சூழ உட்கார்ந்து பதிந்தோம். விசிறிச் சத்தம் லேசாகத்தானே கேட்கிறது என்று விட்டுவிடக் கூடாது. உயிரொலியை நீட்டும்போது அந்தச் சத்தமும் சேர்ந்து நீண்டு, வண்டு ரீங்காரம் ஆகிவிடும்.

ஐந்து கட்டை சுருதியைக் காதில் ஒலிக்கவிட்டு, மைக்குக்கு ஒரு சாண் தள்ளி, எல்லா ஒலியையும் ஒரே அளவில் பாடினாள். ஒரு துண்டு ஏறியும் ஒரு துண்டு இறங்கியும் இருந்தால் எந்தப் பசையும் ஒட்டாது. சேருமிடத்தில் முதல் துண்டு மங்க மங்க அடுத்தது எழும்பவேண்டும். ஒரு நொடியை நூறாக்கினால் அதில் நாலைந்து பங்கு போதும்.

ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் பற்றித் தனியாகவே பேச வேண்டும், நேரம் இல்லை. ஒன்று மட்டும்: தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை நேர்கோடாக வரைந்தால் குரல் வழவழவென்று இருக்கும், தோடி மட்டும் இருக்காது.

சினிமாவிலும் கணினி பாடுகிறது. 2024இல் 'லால் சலாம்' படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு பாட வைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, சன்மானமும் கொடுத்ததாகச் சொன்னார். அது பெரிய கருவிகளின் உலகம். எங்களுடையது மெத்தையும் நன்னூலும்.

நேயர்களே, அறிவிப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். மின்விசிறியை நிறுத்துங்கள், சுருதி போடுங்கள், முன்னுயிரோடு சேர்த்துப் பதியுங்கள், வல்லினத்தை நீட்டாதீர்கள். எங்கள் கணினி இப்போது 'மகளே' என்றுதான் பாடுகிறது. ழகரம் இன்னும் வழிக்கு வரவில்லை. இந்த ஞாயிறு ராத்திரி அவள் மறுபடி வருகிறாள். அன்றைக்குச் சேலையூர் நாய்கள் கொஞ்சம் ஒத்துழைக்கும் என்று நம்புகிறேன்.