வாய்விட்டுச் சொல்லல்: பழைய ஆங்கிலத்தின் ஒப்புதற் சொற்கள்



இங்கிலாந்தில் வெசெக்ஸ் நாட்டை 871 முதல் 899 வரை ஆண்ட ஆல்பிரடு மன்னன் தொகுத்த சட்டங்களுள் ஒரு சிறு விதி உண்டு. குற்றம் புரிந்த ஒருவன் தேவாலயத்தில் புகலடைந்து, அதுவரை வெளிப்படாதிருந்த தன் குற்றத்தை இறைவன் பெயரால் தானே அங்கு எடுத்துரைப்பானாயின், அது பாதி மன்னிக்கப்படும் என்பதே அவ்விதி. முழுவதும் அன்று, பாதி. பிறர் கண்டுபிடித்த பின்னர்ச் சொல்பவனுக்கு இவ்விதி உதவாது. வாய்விட்டுச் சொல்வதற்கு இத்துணை மதிப்பளித்த சட்டம், அச்செயலைக் குறிக்க ஆண்ட வினைச்சொல் 'அண்டெட்டன்' என்பதாகும். இன்றைய ஆங்கிலேயர் அச்சொல்லைக் கேட்டால் தம் மொழிச் சொல் என்றே அறியார்.

அச்சொல்லைப் பிரித்துப் பார்ப்பது பயனுடைத்து. முன்னொட்டாகிய 'அண்ட்' என்பதற்கு எதிர், நேர்முகம் என்பன பொருள். இன்றும் வழங்கும் 'ஆன்சர்' என்னும் சொல்லின் முதற்பகுதி இதுவே. எதிர்நின்று ஆணையிட்டுரைத்தல் என்பதே அதன் பழம்பொருள். 'அண்டெட்டன்' என்பதன் பிற்பகுதியோ அழைத்தல், கூறுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. நான்காம் நூற்றாண்டில் உல்ஃபிலா செய்த கோதிக் விவிலிய மொழிபெயர்ப்பிலும் இதன் உடன்பிறப்பான சொல் இதே பொருளில் வருகிறது. ஆகவே, ஒருவர் முகத்தெதிரே நின்று சொல்லுதல் என்பது இதன் உட்கிடை எனலாம்.

இவ்விடத்து ஓர் ஒப்பீடு. குற்றத்தை ஏற்றலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு 'ஒன்றையே கூறுதல்' என்பது சொற்பொருள். தமிழில் 'ஒப்புக்கொள்ளுதல்' என்பதும் ஒப்பு என்னும் அடியினது. இரண்டிலும் முன்னரே ஒருவர் சொன்னதற்கு இசையும் குறிப்பு உண்டு. பழைய ஆங்கிலச் சொல்லில் அக்குறிப்பு இல்லை. குற்றஞ்சாட்டுவோர் வேண்டா, எதிரே கேட்பவர் ஒருவர் இருந்தால் போதும். இன்னும் வெளிப்படாத குற்றத்தைப் பற்றிய ஆல்பிரடின் விதிக்கு இதனினும் பொருத்தமான சொல் அமைதல் அரிது.

மற்றொன்று, கவிஞர்கள் கருதத் தக்கது. அதே சொல் புகழ்தலையும் குறித்தது. வெஸ்பேசியன் சங்கீதச் சுவடி எனப்படும் ஏடு இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. அதன் இலத்தீன் வரிகளுக்கிடையே ஒன்பதாம் நூற்றாண்டில் பழைய ஆங்கிலப் பொருள் எழுதப்பட்டது. ஆண்டவரைத் துதியுங்கள் என்னும் இடங்களில் அங்கே நிற்பதும் இந்த வினையே. இலத்தீனில் 'கன்ஃபெஸ்ஸியோ' என்பதற்கு இருபொருளும் உண்டு. புனித அகுஸ்தீன் தம் வரலாற்று நூலுக்கு இட்ட பெயரும் இவ்விரண்டையும் தழுவியது. கத்தோலிக்கத் தமிழர் வழங்கும் 'பாவசங்கீர்த்தனம்' என்னும் தொடரை நினைக்க. சங்கீர்த்தனம் என்பது புகழ்ந்தோதல் அன்றோ! தம் சிறுமையை உரைத்தலும் இறைவன் பெருமையை உரைத்தலும் ஒரே நாவின் ஒரே தொழில் என இத்தனை மொழிகள் கருதியுள்ளன.

இதனருகே 'ஷ்ரிஃப்ட்' என்னும் மற்றொரு சொல் வளர்ந்தது. இதன் பிறப்பு வியப்புக்குரியது. எழுதுதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது இது. ஜெர்மானியரும் டச்சுக்காரரும் அவ்வினையை எழுதுதற்கே வைத்துக்கொண்டனர். ஆங்கிலேயரோ எழுதுதற்குக் கீறுதல் என்னும் பொருளுடைய தம் சொல்லையே கொண்டு, இதனைக் குற்றத்திற்கு ஈடாக நோன்பு விதித்தலுக்கு ஒதுக்கினர். இன்ன பிழைக்கு இத்தனை நாள் நோன்பு என வரையறுத்த ஏடுகள் அக்காலத்தில் இருந்தன. 668 முதல் 690 வரை காண்டர்பரிப் பேராயராக விளங்கிய தியோடோரின் பெயரால் வழங்குவது அவற்றுள் ஒன்று. 'அண்டெட்டன்' சொல்பவனின் செயல். 'ஷ்ரிஃப்ட்' கேட்பவரின் தீர்ப்பு. தவக்காலத்திற்கு முந்திய செவ்வாய்க்கு ஆங்கிலேயர் இட்ட பெயரில் பின்னது இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அன்று அப்பம் சுட்டு உண்போருள் எத்தனை பேர் அதனை அறிவார்களோ!

1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அதன்பின் பிரெஞ்சு வழியே 'கன்ஃபெஸ்' வந்தமர, 'அண்டெட்டன்' மெல்ல வழக்கொழிந்தது. எனினும் அறிதலை அடியாகக் கொண்ட மற்றொரு பழஞ்சொல் தப்பிப் பிழைத்தது. கண்டறிதல், ஏற்றல் என்னும் பொருளுடைய 'ஒன்க்னாவன்' தேய்ந்து, 'நாலெட்ஜ்' என்பதனோடு கலந்து, இன்றைய 'அக்னாலெட்ஜ்' ஆயிற்று. தமிழ் விவிலியத்தின் 'அறிக்கையிடுதல்' என்பதும் அறிதல் என்னும் அடியினதாதல் காண்க.

இந்த அறிதற் சொல்லே ஒரு பெரும் பூசலுக்குக் காரணமாயிற்று. 1526இல் புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் வெளியிட்ட வில்லியம் டிண்டேல், பாவத்தை அறிக்கையிடும் இடங்களில் 'கன்ஃபெஸ்' என்பதை விலக்கி, அந்நாளில் வினையாகவும் வழங்கிய 'நாலெட்ஜ்' என்பதையே இட்டார். குருவின் செவியில் பாவத்தை ஓதும் வழக்கம் முந்தைய சொல்லுக்குள் புகுந்துவிட்டது என்பது அவர் கருத்து. தாமஸ் மோர் 1529இல் எழுதிய உரையாடல் நூலில், டிண்டேல் மாற்றிய பிற சொற்களோடு இதனையும் சேர்த்துக் கடிந்தார். சொல் மாறினால் திருவருட்சாதனமே ஆட்டங்காணும் என அவர் அஞ்சியது வீண் அச்சமன்று. சொல்லின் ஆற்றலை உணர்ந்தவரின் அச்சம் அது. 1531இல் டிண்டேல் மறுமொழி எழுதினார். கிரேக்கச் சொல்லுக்குத் தாம் இட்ட ஆங்கிலம் பொருந்தாதென மோரால் மெய்ப்பிக்க இயலாது என்றார். மொழிபெயர்ப்பாளர் என்னும் அளவில் அவர் கூற்றே வலிமையுடையது.

இருவர் முடிவும் துயரமானது. எட்டாம் ஹென்றி மன்னரைத் திருச்சபையின் தலைவராக ஏற்றுரைக்க மறுத்த மோர் 1535இல் தலை துணிக்கப்பட்டார். ஒப்புதற் சொல்லுக்காக வாதிட்டவர், ஓர் ஒப்புதலைத் தர மறுத்து உயிர் நீத்தார். அடுத்த ஆண்டு பிரசெல்ஸ் அருகே டிண்டேல், சமயத் துரோகி எனத் தீர்க்கப்பட்டு, கழுத்து நெரிக்கப்பட்டு எரிக்கப்பட்டார்.

1611இல் ஜேம்ஸ் மன்னர் விவிலியம் வெளிவந்தது. டிண்டேலின் நடையைப் பெரிதும் தழுவிய அப்பதிப்பில், குற்றங்களை ஒருவர்க்கொருவர் அறிக்கையிடச் சொல்லும் யாக்கோபு நிருபத்தின் வரியில் அவர் இட்ட சொல் இல்லை; மோர் விரும்பிய 'கன்ஃபெஸ்' அங்கே மீண்டது. தாவீது தன் மீறுதல்களை ஏற்றுரைக்கும் ஐம்பத்தோராம் சங்கீதத்திலோ 'அக்னாலெட்ஜ்' நிற்கிறது.