வீட்டுக்குள்ளே ஷாலோம்



1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து திருகோணமலைப் பக்கம் போய்க் குடியேறிய நம்ம சொந்தங்களைப் பார்க்கப் போயிருந்தோம். துறைமுகத்தருகே கிண்ணியா ஆட்கள் ஒருவருக்கொருவர் “அஸ்ஸலாமு அலைக்கும்” என்றார்கள். அந்தச் சலாமும் எபிரேய மொழியின் ஷாலோமும் ஒரே வேர்தான். சண்டை இல்லாதது மட்டும் ஷாலோம் அல்ல. குறைவில்லாமல் முழுசாக இருப்பது. ஆதியாகமம் 37இல் யாக்கோபு யோசேப்பிடம், அண்ணன்மாருடைய ஷாலோமோடு ஆட்டு மந்தையின் ஷாலோமையும் பார்த்துவரச் சொல்கிறார். ஆட்டுக்கு என்ன சமாதானம்? தீனியும் தண்ணீரும்தானே! எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதற்கான எபிரேயச் சொல்லும் இதே வேரில்தான் வருகிறது.

நம்ம லயத்தில் சில வீடுகளில் சத்தமே கேட்காது. மனைவியின் தோடு அடகுக் கடையில் இருக்கும். கேட்டால் அடி விழுமென்று அவள் வாய் திறப்பதில்லை. அதை “அமைதியான குடும்பம்” என்று நாமே எழுதிவிட்டு வந்திருக்கிறோம். அது நம்ம பிழை.

பத்தாந்தேதி சம்பளம். அடகுச் சீட்டை இன்றைக்கே தேடி எடுத்து வையுங்கள்.