வாழ்வுக்கு உதவும் கல்வி
(பெரியபட்டினத்தில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



பள்ளிப் பருவம் கடந்தோர் கற்கத்தக்க கல்வி எது, அதனை எங்ஙனம் தெரிந்தெடுப்பது என்பதே இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். நம் சங்கத்தார் ஆண்டுதோறும் கல்வி நிதியிலிருந்து மாணாக்கர்க்குப் பொருளுதவி செய்து வருகின்றனர், அது போற்றத்தக்கதே. ஆயின், அவ்வுதவி பட்டத்தையும் உத்தியோகத்தையும் நோக்கிச் செல்லும் இளைஞரோடு நின்றுவிடுகின்றது. நாற்பது வயதுத் தாய் ஒருத்தி கணக்கெழுதக் கற்க விரும்பினால், "இவ்வயதில் எதற்கு?" என்று கேட்கின்றோம். அவ்வினாவிற்கு மறுமொழி கூறவே முற்படுகின்றோம்.

நம் ஊர் பழைய துறைமுகம். இம்மண்ணில் சீனநாட்டுப் பீங்கான் ஓடுகள் மிகுதியாகக் கிடைத்தமையைப் பலரும் அறிவர். கடல் கடந்த வாணிகத்தில் வாழ்ந்த மக்கள் காற்றையும் கணக்கையும் கற்றது எந்தச் சான்றிதழை வேண்டி? வாழ்க்கை வேண்டிற்று, கற்றனர். திருவள்ளுவரும் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களின் பின்னர்க் கேள்வி என ஓர் அதிகாரம் வகுத்து, ஏட்டுக் கல்வி வாய்க்காதார்க்கும் அறிவின் வாயிலைத் திறந்துவைத்தார்.

பிற நாட்டாரும் இதனை உணர்ந்தனர். டென்மார்க்கு நாட்டு அறிஞர் குருண்ட்விக் என்பார், தேர்வும் பட்டமும் இன்றி வளர்ந்தோர் கூடிக் கற்கும் மக்கட் பள்ளி வேண்டுமென்றார். அக்கருத்தின்படி 1844ஆம் ஆண்டு ரோடிங் என்னும் ஊரில் முதற்பள்ளி தோன்றிற்று. அதற்கு மறு ஆண்டே அந்நாட்டார் நம் தரங்கம்பாடியை ஆங்கிலேயர்க்கு விற்றனர். கோட்டையை விட்டனர், குடியானவர் கல்வியை விட்டாரில்லை.

நம் நாட்டில் இவ்வழியில் வந்தது சமுதாயக் கல்லூரி. 1995இல் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சார்பிலும், 1996இல் சென்னையிலும் இவை தோன்றின. படிப்பை இடையில் நிறுத்தியவர்க்கும் எளியவர்க்கும் கைத்தொழிலோடு வாழ்க்கைத் திறனும் கற்பிப்பது இவற்றின் நோக்கம். 2002இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இருந்த இடத்திலிருந்தே பயில வழிசெய்தது. 2017 முதல் 'ஸ்வயம்' என்னும் அரசின் இணையவழி வகுப்புகளைக் கட்டணமின்றிக் கேட்கலாம். சான்றிதழ் வேண்டுவோரே தேர்வுக்குக் கட்டணம் செலுத்துதல் வேண்டும்.

வழிகள் பலவாயின், எதனைக் கொள்வது? முதலாவது, எக்காரியத்திற்கு நாம் அடிக்கடி பிறர் கையை எதிர்பார்க்கின்றோம் என்று ஆராய்க. கணவர் கடலுக்கோ அயல்நாட்டிற்கோ சென்றிருக்க, வங்கித்தாளை நிரப்பப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தேடும் தாய்க்கு, எழுத்தும் கணக்குமே முதற்பாடம். படகின் இயந்திரம் பழுதுறும்போதெல்லாம் ஆள் தேடி அலைபவர்க்கு இயந்திரப் பயிற்சியே தக்கது. இரண்டாவது, கற்றதை மறுநாளே கையாள இடமுண்டா என்று பார்க்க. கையாளாத கல்வி கரைந்துபோம். மூன்றாவது, வகுப்பின் நேரம், தொலைவு, கட்டணம் ஆகியவற்றை முன்னரே கேட்டறிக. வேலையைக் கருதிச் சேர்வோர் அச்சான்றிதழுக்கு எங்கே மதிப்புண்டு என்பதையும் எழுத்து மூலம் தெரிந்துகொள்க. குறுகிய காலப் பயிற்சியைப் பட்டத்திற்கு ஈடென்று எண்ணி ஏமாறுதல் ஆகாது.

இனி, பயன் ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளுதலும் குறையே. இளமையில் இசை கற்க விரும்பி வறுமையால் விட்டவர் ஐம்பதில் கற்கலாம். தமிழ் நூல் பயில விரும்புவோர் பயிலலாம். உள்ளத்தின் பசியும் பசியே அன்றோ?

நம் அயல் மாவட்டமாகிய புதுக்கோட்டையில் நிகழ்ந்ததை நினைமின். அங்கே 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுதலையும் ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றனர். தொடக்கத்தில் ஏளனம் செய்தாரும் உண்டு. ஆயினும், தண்ணீர் கொணரவும் சந்தைக்குச் செல்லவும் ஆடவரையோ பேருந்தையோ எதிர்பாராத நிலை அப்பெண்களுக்கு வாய்த்தது. அது எவ்வுத்தியோகத்தையும் தரவில்லை. ஆனால், தம் காலால் தாம் செல்லும் உரிமையைத் தந்தது. "இவ்வயதில் எதற்கு?" என்னும் வினாவிற்கு இதனினும் சிறந்த விடை யாம் அறியோம்.

ஆகலின் சங்கத்தாரை ஒன்று வேண்டுகின்றோம். கல்வி நிதியில் ஒரு பகுதியை, அது சிறிதேயாயினும், வயதுவந்தோர்க்கும் தாய்மார்க்கும் என ஒதுக்குக. வகுப்புகளின் விவரங்களை இவ்விதழில் மாதந்தோறும் வெளியிடுக. கணவன்மாரும் மக்களும், தாய் வகுப்பிற்குச் செல்லும் மாலைப் பொழுதில் அடுப்படியைத் தாம் ஏற்றுக்கொள்க. நிதியினும் அரிய உதவி அதுவே. அவ்வகுப்புகளில் பல சமூகத்தாரும் ஒரே பலகையில் இருந்து கற்பர். அதுவும் நாம் கற்கவேண்டிய ஒரு பாடமே.

இப்பொருளைச் சங்கத்தார் அடுத்த கூட்டத்தில் ஆராய்ந்து முடிவு செய்வார்கள் என்று நம்பி, எம் உரையை முடிக்கின்றோம்.